கைக்குட்டை சொன்ன சாட்சி: ‘ஒதெல்லோ’வைத் திரைப்படங்களுடன் ஒப்பிட்டுக் கற்றல்

ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்திற்கு ‘வெனிஸ் நகரத்து மூர்’ என்றொரு துணைத் தலைப்பு உண்டு. அதைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் நமது வகுப்பறைகளில் ஒரு கேள்வி எழுந்துவிடும்: “மூர் என்றால் எங்கட ஆக்களா டீச்சர்?”

கேள்வி நியாயமானது. நமது பிறப்புச் சான்றிதழ்களில் இனம் என்ற இடத்தில் ‘இலங்கைச் சோனகர்’ என்று தமிழிலும், ‘மூர்’ என்ற சொல்லோடு ஆங்கிலத்திலும் பதியப்படுகிறது. குடிசன மதிப்பீட்டிலும் அப்படியே. 1505 இல் இங்கு வந்த போர்த்துக்கேயர், தங்கள் தேசத்தில் வட ஆபிரிக்க முஸ்லிம்களை அழைத்து வந்த சொல்லையே இத்தீவின் முஸ்லிம்களுக்கும் சூட்டினார்கள். அதே சொல்தான் ஷேக்ஸ்பியரின் நாடகத் தலைப்பிலும் நிற்கிறது. ஆனால் நாடகத்து ஒதெல்லோ முஸ்லிம் அல்லன். அவன் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன். சைப்பிரஸ் தீவைத் தாக்க வரும் துருக்கிக் கடற்படைக்கு எதிராக வெனிஸ் அரசு அனுப்பும் தளபதி. நாடகத்தில் துருக்கியர் எதிரிகள். தன் இறுதிப் பேச்சில் ஒதெல்லோ, முன்னொரு காலத்தில் அலெப்போவில் தான் கொன்ற ஒரு துருக்கியனை நினைவுகூர்ந்து, அவனைக் குத்தியவாறே தன்னையும் குத்திக்கொண்டு சாகிறான். கொல்பவனும் கொல்லப்படுபவனும் அவனே ஆகிறான். ஆகவே “எங்கட ஆளா?” என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை இல்லை. தான் யாருக்காகப் போரிடுகிறானோ அவர்களாலேயே அந்நியனாகப் பார்க்கப்படும் ஒரு மனிதன் என்பதே பொருத்தமான விடை.

இந்த நாடகத்திற்குப் பல திரைப்பட வடிவங்கள் உண்டு. உயர்தர வகுப்பில் ஆங்கில இலக்கியமோ நாடகமும் அரங்கியலுமோ கற்கும் மாணவியர் இவற்றுள் ஒன்றையாவது கைத்தொலைபேசியில் பார்த்திருக்கிறார்கள். பார்த்த பின்னர் “எந்தப் படம் நாடகத்தை அப்படியே எடுத்திருக்கிறது?” என்றுதான் வழக்கமாகக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நம்மை வெகுதூரம் கொண்டுபோகாது. அதற்குப் பதிலாக நாடகத்திலுள்ள ஒரு சிறு பொருளையும் ஒரு துணைப் பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, அவை ஒவ்வொரு படத்திலும் என்ன ஆகின்றன என்று பின்தொடர்ந்து பார்ப்பது பயன் தரும். பொருள், டெஸ்டிமோனாவின் கைக்குட்டை. பாத்திரம், அவளுடைய தோழிப் பெண் எமிலியா. இக்கட்டுரை அந்த வழியில் அமைகிறது.

ஷேக்ஸ்பியர் செய்த மாற்றம்

திரைப்பட இயக்குநர்கள் நாடகத்தை மாற்றுவதைக் குறையாகச் சொல்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். ஷேக்ஸ்பியரும் ஒரு பழைய கதையை மாற்றியவரே. இத்தாலிய எழுத்தாளர் சிந்தியோ 1565 இல் வெளியிட்ட கதைத் தொகுதி ஒன்றில் இந்தக் கதை இருக்கிறது. ‘ஒதெல்லோ’ 1604 நவம்பர் 1 ஆம் திகதி இங்கிலாந்தின் அரச மாளிகையில் நடிக்கப்பட்டதாகப் பதிவு உண்டு. முதல் அச்சுப் பிரதி 1622 இல் வந்தது.

சிந்தியோவின் கதையில் தளபதியின் கொடிவீரன், அதாவது நாடகத்தில் இயாகோ ஆகும் பாத்திரம், தன் சிறு மகளைப் பயன்படுத்தித் தானே கைக்குட்டையைத் திருடுகிறான். அவனுடைய மனைவிக்குச் சதி முழுவதும் தெரியும். கணவனுக்குப் பயந்து அவள் வாய் திறப்பதில்லை. ஷேக்ஸ்பியர் இவ்விடத்தில்தான் பெரிய மாற்றத்தைச் செய்தார். அவருடைய எமிலியாவுக்குச் சதி தெரியாது. ஆனால் கைக்குட்டை அவள் கையால்தான் இயாகோவிடம் போகிறது. இறுதியில் அவள் வாய் திறக்கிறாள், அதற்காகக் கணவனாலேயே கொல்லப்படுகிறாள். பயந்து மௌனமாக இருந்த பெண்ணை, பிந்தியாவது உண்மை பேசிய பெண்ணாக மாற்றியது ஷேக்ஸ்பியரின் பங்களிப்பு. மூலக்கதைக்கும் நாடகத்துக்கும் இடையிலான இந்த ஒப்பீட்டை முதலில் செய்துவிட்டால், நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் இடையிலான ஒப்பீடு மாணவியருக்கு எளிதாகிவிடும்.

கைமாறும் துணி

பனுவலை வைத்துக்கொண்டு கைக்குட்டை யார் யார் கையில் இருந்தது என்று வரிசையாக எழுதச் சொல்லுங்கள். ஒதெல்லோவின் தாய், ஒதெல்லோ, டெஸ்டிமோனா, தரை, எமிலியா, இயாகோ, காசியோவின் அறை, காசியோ, பியான்கா. இத்தனை கைகள் மாறியும் டெஸ்டிமோனா காசியோவுக்கு அதைக் கொடுத்ததாக எங்கும் இல்லை. ஆனால் ஒதெல்லோ நம்புவது அதைத்தான்.

மூன்றாம் அங்கத்தில் தலைவலி என்று சொல்லும் ஒதெல்லோவின் நெற்றியைக் கட்ட டெஸ்டிமோனா கைக்குட்டையை எடுக்கிறாள். அவன் தட்டிவிட, அது விழுகிறது. இருவருமே அதைக் கவனிக்காமல் போய்விடுகிறார்கள். கைக்குட்டை தொலைந்ததற்கு முதற் காரணம் ஒதெல்லோவின் கைதான் என்பதை மாணவியர் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். எமிலியா அதை எடுக்கிறாள். அதைக் கொண்டுவரும்படி இயாகோ பலமுறை கேட்டிருக்கிறான். ஏன் என்று அவளுக்குத் தெரியாது. கணவனைச் சந்தோஷப்படுத்த நினைத்துக் கொடுக்கிறாள்.

அதற்கு அடுத்த காட்சியில், கைக்குட்டையைக் காணோமே என்று டெஸ்டிமோனா கேட்க, எமிலியா தனக்குத் தெரியாது என்கிறாள். சிறிது நேரத்தில் ஒதெல்லோ வந்து கைக்குட்டையைக் கேட்டுக் கேட்டுக் கோபத்தில் கொதிக்கிறான். எமிலியா அங்கேயே நிற்கிறாள். ஒரு வசனம் போதும், நாடகம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். அவள் அதைச் சொல்வதில்லை. எமிலியாவின் பெரிய பிழை கைக்குட்டையைக் கொடுத்ததல்ல, இந்த மௌனமே என்பது என் கருத்து. நாடகம் முழுவதிலும் ஒப்பீட்டுக்கு மிகவும் ஏற்ற இடமும் இதுவே. ஏனெனில் மேடையிலோ திரையிலோ இந்த மௌனத்தை நடிப்பவர் முகத்தால் மட்டுமே காட்ட முடியும். பனுவலில் அதற்கு வரிகள் இல்லை.

தமிழில் ‘ஒதெல்லோ’

திரைப்படங்களுக்குப் போகுமுன் தமிழில் இந்த நாடகத்துக்குள்ள தடத்தையும் சுருக்கமாகப் பார்ப்போம். ஷேக்ஸ்பியரைத் தமிழ்க் கண்கொண்டு பார்க்கும் முயற்சியில் ஈழத்துக்குத் தனி இடம் உண்டு. மட்டக்களப்பு தந்த சுவாமி விபுலாநந்தரின் ‘மதங்க சூளாமணி’ 1926 இல் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்தி ஆராயும் நூல் அது. தமிழ்நாட்டில் நாவலாசிரியர் அ. மாதவையா ‘ஒதெல்லோ’வை ‘உதயலன்’ என்ற நாடகமாக்கினார். ‘வெனிஸ் நகரத்து மூர்’ என்பதற்கு ஈடாக அவர் வைத்த பெயர் ‘கொற்கைச் சிங்களவன்’. பாண்டிய நாட்டுத் துறைமுகத்தில் ஓர் இலங்கையன்! அந்நியன் என்றால் யார் என்பதை ஒவ்வொரு மொழியும் தன் அயலிலிருந்தே கண்டுகொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

தமிழ்த் திரையில் முழு ‘ஒதெல்லோ’ பெரிதாகப் பேசப்படவில்லை. 1963 இல் வந்த ‘இரத்தத் திலகம்’ படத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் கல்லூரி மேடையில் ‘ஒதெல்லோ’வின் ஒரு காட்சியை ஆங்கிலத்திலேயே நடிப்பார்கள். அதற்கு இரண்டு வருடங்கள் முன்பு வந்த ‘சப்தபதி’ என்ற வங்காளப் படத்திலும் உத்தம் குமாரும் சுசித்ரா சென்னும் இப்படியே கல்லூரி மேடையில் தோன்றுகிறார்கள். அக்காட்சிக்குக் குரல் கொடுத்தவர்கள் உத்பல் தத்தும் ஜெனிபர் கெண்டலும். இரண்டு படங்களிலும் ‘ஒதெல்லோ’ என்பது நாயகன், நாயகி இருவரின் கதை. கணவன் மனைவிக்கிடையே நடந்த துயரம் என்று மட்டும் பார்த்தால் இயாகோவும் எமிலியாவும் கைக்குட்டையும் பின்னுக்குப் போய்விடுகின்றன. நாம் பார்க்க வேண்டியது அந்தப் பின்புறத்தைத்தான்.

நான்கு படங்கள்

முதலாவது, ஓர்சன் வெல்ஸ் இயக்கி நடித்த படம். 1952 இல் கான் திரைப்பட விழாவின் உயர் விருதைப் பகிர்ந்துகொண்டது. பணமின்றி விட்டுவிட்டுச் சில வருடங்களாக எடுக்கப்பட்ட படம் இது. மொரோக்கோவிலும் இத்தாலியிலும் படப்பிடிப்பு நடந்தது. உடைகள் வந்து சேராதபடியால் ஒரு கொலைக் காட்சியை நீராவிக் குளியலறையில், துண்டு கட்டிய நடிகர்களோடு எடுத்தார் வெல்ஸ். மொரோக்கோவில் போர்த்துக்கேயர் கட்டிய நிலத்தடி நீர்த்தொட்டி ஒன்றும் படத்தில் வருகிறது. மன்னார்க் கோட்டையைப் பார்த்த பிள்ளைகளுக்கு அந்தக் கல்வளைவுகள் அந்நியமாகத் தோன்றா. படம் முடிவிலிருந்து தொடங்குகிறது. இரண்டு சடலங்களின் ஊர்வலம், கூண்டில் அடைத்துத் தூக்கப்படும் இயாகோ. என்ன நடக்கும் என்ற கேள்வியை இயக்குநர் முதலிலேயே எடுத்துவிடுகிறார். எப்படி நடந்தது என்பது மட்டுமே மிஞ்சுகிறது. ஆனால் ஒன்றரை மணி நேரப் படமாகச் சுருங்கியதில் வசனங்கள் பெருமளவு வெட்டுப்பட்டுவிட்டன. நிழலும் கல்லும் பேசும் அளவுக்கு எமிலியா பேசுவதில்லை.

இரண்டாவது, 1965 இல் ஸ்டுவர்ட் பேர்ஜ் இயக்கியது. இங்கிலாந்தின் தேசிய அரங்கில் மேடையேறிய தயாரிப்பையே அரங்க அமைப்போடு படமாக்கினார்கள். ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும் இப்படத்தில் நாடகத்தின் வசனங்கள் பெரும்பாலும் உள்ளன. வரிகளைக் காதால் கேட்டுப் பழக இதுவே உதவும். லோரன்ஸ் ஒலிவியர், மகி ஸ்மித், பிராங்க் பின்லே, எமிலியாவாக நடித்த ஜொய்ஸ் ரெட்மன் ஆகிய நால்வரும் ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். ஆனால் வெள்ளையரான ஒலிவியர் உடல் முழுவதும் கருமை பூசி, நடையையும் குரலையும் மாற்றி நடித்தது இன்று பார்ப்பவருக்குச் சங்கடம் தரும். அந்தச் சங்கடத்தை மறைக்காமல் வகுப்பில் பேச வேண்டும். ஓர் இனத்தவரை இன்னோர் இனத்தவர் வேடம் போட்டுக் காட்டும்போது எது கலை, எது கேலி என்ற கேள்வி நமக்கும் உரியது. நமது சமூகத்தவரைத் தமிழ், சிங்களப் படங்கள் எத்தனை தடவை ஒரு தொப்பிக்குள்ளும் ஒரு பேச்சு வழக்குக்குள்ளும் அடக்கியிருக்கின்றன!

மூன்றாவது, 1995 இல் ஒலிவர் பார்க்கர் இயக்கியது. பெரிய நிறுவனமொன்றின் ‘ஒதெல்லோ’ படத்தில் அப்பாத்திரத்தை ஏற்ற முதல் ஆபிரிக்க அமெரிக்கர் என்ற பெயர் லோரன்ஸ் ஃபிஷ்பேர்னுக்கு இப்படத்தால் கிடைத்தது. இயாகோவாக வரும் கெனத் பிரனா தன் தனிமொழிகளைக் கமராவைப் பார்த்தே சொல்கிறார். பார்க்கும் நாமும் சதியில் பங்காளிகள் ஆகிவிடுகிறோம். சதுரங்கக் காய்களை அவர் கையாளும் விதம், மனிதர்களை அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதைச் சொல்லிவிடும். இப்படத்தின் முக்கியமான உத்தி இன்னொன்று. ஒதெல்லோவின் மனத்தில் ஓடும் சந்தேகக் காட்சிகளை இயக்குநர் நமக்கும் காட்டுகிறார். நடக்காத ஒன்றை நம் கண்ணால் பார்க்கிறோம். கண்ணால் கண்டதும் பொய் என்ற நமது முதுமொழி இங்கு கமராவாலேயே நிரூபணமாகிறது. எமிலியா இப்படத்தில் கணவனின் ஒரு அன்பான பார்வைக்காக ஏங்கும் மனைவி. கைக்குட்டையை அவள் ஏன் கொடுத்தாள் என்பதற்கு அந்த ஏக்கமே பதில்.

நான்காவது, விஷால் பரத்வாஜின் ‘ஓம்காரா’, 2006. கதை உத்தரப் பிரதேசத்தின் அரசியல் அடியாட்களிடையே நடக்கிறது. நிறத்தின் இடத்தைச் சாதி எடுத்துக்கொள்கிறது. ஓம்காரா (அஜய் தேவ்கன்) தாய்வழியில் தாழ்த்தப்பட்டவனாகக் கருதப்படுபவன். இயாகோ இங்கே லங்டா தியாகி, நடித்தவர் சைப் அலிகான். கைக்குட்டையின் இடத்தில் குடும்பச் சொத்தாக வந்த ஓர் இடுப்பணி, நமது வழக்கில் சொன்னால் ஒட்டியாணம். எமிலியா இந்து ஆகிறாள். அவள் ஓம்காராவைச் சகோதர உறவு கொண்டாடும் வீட்டுப் பெண், வெறும் பணிப்பெண் அல்லள். இப்பாத்திரத்திற்காகக் கொங்கணா சென் ஷர்மா சிறந்த துணை நடிகைக்கான இந்திய தேசிய விருதைப் பெற்றார்.

இவற்றோடு ஜெயராஜ் இயக்கிய ‘களியாட்டம்’ என்ற மலையாளப் படத்தையும் (1997) சேர்க்கலாம். வட கேரளத் தெய்யம் ஆடும் கலைஞனே அங்கு ஒதெல்லோ. கைக்குட்டைக்குப் பதிலாகப் பட்டுத் துணி. தெய்யத்தின் நெருப்பிலேயே அவன் முடிந்துபோகிறான். சுரேஷ் கோபிக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும், ஜெயராஜுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதும் கிடைத்தன. தெய்யக் கோலம் கட்டும்போது ஊரே அவனைக் கும்பிடும். கோலம் கலைந்தால் அவன் தாழ்ந்த சாதிக்காரன். போர் வரும்போது வெனிஸுக்கு வேண்டியவனாகவும் பெண் கொடுக்கும்போது வேண்டாதவனாகவும் இருக்கும் ஒதெல்லோவின் நிலையை இதைவிடத் துல்லியமாக விளக்குவது கடினம்.

துணியா, நகையா?

மேடையில் கைக்குட்டை மிகச் சிறியது. பின்வரிசையில் இருப்பவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே நாடகாசிரியர் அதைச் சொற்களால் பெரிதாக்குகிறார். எகிப்திய மந்திரக்காரி ஒருத்தி தன் தாய்க்குக் கொடுத்தது என்று ஒதெல்லோ சொல்வதும், பிறகு ஐந்தாம் அங்கத்தில் தந்தை தாய்க்குக் கொடுத்தது என்று மாற்றிச் சொல்வதும் இதனால்தான் கவனிக்கத்தக்கவை. அத்துணியின் பெறுமதியை அவனே கூட்டியும் குறைத்தும் பேசுகிறான். திரைப்படத்துக்கு இந்தச் சிரமம் இல்லை. அண்மைக் காட்சி ஒன்றில் கைக்குட்டை திரை முழுவதையும் நிரப்பிவிடும்.

‘ஓம்காரா’ துணியை நகையாக்கியதால் பெற்றது என்ன, இழந்தது என்ன? மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த நகை தொலைந்தால் என்ன நடக்கும் என்பது நமது பிள்ளைகளுக்கு விளக்கம் தேவையில்லாத விடயம். கைக்குட்டைக்காக ஒருவன் கொல்வானா என்று சிரிக்கும் மாணவி, ஒட்டியாணம் என்றதும் சிரிப்பதில்லை. இது பெற்றது. ஆனால் நாடகத்தின் கூர்மை, தொலைந்த பொருள் அற்பமானது என்பதில்தான் இருக்கிறது. ஓர் உயிரின் பெறுமதி ஒரு துண்டுத் துணிக்குக் கீழே போய்விட்டது என்பதே அதன் கொடுமை. பொருளின் விலை கூடக் கூட அந்தக் கொடுமை குறைகிறது, கொலைகாரனுக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது. இது இழந்தது. மாணவியர் இரண்டையும் எழுதப் பழக வேண்டும்.

யார் கேட்கப்பட்டார்கள்? யார் நம்பப்பட்டார்கள்?

நான்காம் அங்கத்தில் ஒதெல்லோ எமிலியாவை விசாரிக்கிறான். தவறாக எதையும் தான் கண்டதில்லை, அவள் தூய்மையானவள் என்று எமிலியா உறுதியாகச் சொல்கிறாள். அவன் நம்பவில்லை. பணிப்பெண் வேறென்ன சொல்வாள் என்று தள்ளிவிடுகிறான். இயாகோ சொன்னதை ஏற்க அவனுக்கு ஒரு துணி போதுமாக இருந்தது. எமிலியா சொன்னதை ஏற்க அவளுடைய சத்தியமும் போதவில்லை. காசியோவை அவன் நேரில் விசாரிக்கவே இல்லை.

நமது வகுப்பறையில் இவ்விடத்தில் இரண்டு கதைகள் தாமாகவே நினைவுக்கு வரும். ஒன்று, நாம் தமிழ்ப் பாடத்தில் கற்கும் சிலப்பதிகாரம். முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளைப் பகுதியில் கோவலன் கூத்தாக ஆடப்பட்டுவரும் கதை. பொற்கொல்லனின் சொல்லை நம்பி, ஒரு சிலம்பைச் சாட்சியாக வைத்து, கோவலனை விசாரிக்காமலே பாண்டியன் கொல்லச் சொன்னான். கண்ணகி அவைக்கு வந்து தன் சிலம்பை உடைத்துக் காட்டியபோதுதான் உள்ளே இருந்தது முத்தல்ல, மாணிக்கம் என்று தெரிந்தது. எமிலியா பேசும்போதும் இதுவே நடக்கிறது. உண்மை வெளிவருகிறது. உயிர் திரும்புவதில்லை.

மற்றது, நாம் சிறு வயதிலிருந்து மத்ரஸாவில் கேட்டு வளர்ந்த வரலாறு. நாடகத்தையும் அதையும் ஒரே தட்டில் வைப்பது என் நோக்கமன்று. நமக்கு நன்கு தெரிந்த ஒரு வழிகாட்டலைக் கொண்டு நாடகத்தின் பிழையை அளந்து பார்ப்பதே நோக்கம். ஒரு பயணத்தில் தொலைந்த கழுத்துமாலையைத் தேடப் போய், பயணக் கூட்டத்தைத் தவறவிட்ட அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது மதீனாவில் அவதூறு பரப்பப்பட்டது. அதன் பின்னணியிலும் தொலைந்துபோன ஓர் அணிகலன் இருக்கிறது. அப்போது நபி (ஸல்) அவர்கள் அவசரப்படவில்லை. நெருங்கியவர்களிடம் கலந்தாலோசித்தார்கள். பணிப்பெண்ணான பரீரா (ரலி) அவர்களை அழைத்துக் கேட்டார்கள். ஸைனப் (ரலி) அவர்களிடமும் கேட்டார்கள். இருவரும் தாம் கண்ட நன்மையையே சொன்னார்கள். ஏறத்தாழ ஒரு மாதத்துக்குப் பின்னர் சூரத்துந் நூரின் வசனங்கள் அன்னையின் தூய்மையை அறிவித்தன. கற்புள்ள பெண்மீது பழி சுமத்துபவர் நான்கு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும், தவறினால் எண்பது கசையடி என்பதும் அதே அத்தியாயத்தின் சட்டம். ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டுமென்பது சூரத்துல் ஹுஜுராத்தின் கட்டளை.

இந்த அளவுகோலை ஒதெல்லோவிடம் வைத்துப் பாருங்கள். குற்றம் சாட்டியவன் ஒருவன், அவன் கண்ணால் கண்ட சாட்சியும் அல்லன். பணிப்பெண் கேட்கப்பட்டாள், ஆனால் நம்பப்படவில்லை. காலம் கொடுக்கப்படவில்லை. சாகும் தறுவாயில் டெஸ்டிமோனா ஒரு இரவாவது, அரை மணி நேரமாவது பொறுக்கும்படி கெஞ்சுகிறாள். அதுவும் கிடைப்பதில்லை. சில நிமிடங்களில் எமிலியா கதவைத் தட்டுகிறாள்.

எமிலியாவின் கடைசிக் காட்சி

கைக்குட்டையைத் தான் எடுத்துக் கணவனிடம் கொடுத்ததை எமிலியா அனைவர் முன்னிலையிலும் சொல்கிறாள். வீட்டுக்குப் போ என்று இயாகோ உத்தரவிடுகிறான். கணவனுக்குக் கீழ்ப்படிவது முறைதான், ஆனால் இப்போது முடியாது என்ற கருத்தில் அவள் பேசுவது நாடகத்தின் துணிச்சலான இடங்களில் ஒன்று. தன் குற்றத்தையும் சேர்த்தே அவள் சொல்கிறாள். அதுதான் அவளுடைய சாட்சியத்துக்கு வலு. பேசி முடிப்பதற்குள் கத்தி பாய்கிறது.

1965 இன் படத்தில் இப்பகுதியை ஏறத்தாழ முழுமையாகக் கேட்கலாம். ‘ஓம்காரா’வில் இந்து உண்மையை அறிந்ததும் அரிவாளை எடுத்துக் கணவனைத் தானே வெட்டுகிறாள். திரையரங்கில் கைதட்டல் கிடைக்கக்கூடிய முடிவு. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷேக்ஸ்பியரின் எமிலியாவின் ஆயுதம் அவளுடைய சொல். இந்துவின் ஆயுதம் அரிவாள். சொல்லால் நீதி கிடைக்கும் என்ற நம்பிக்கை அந்த ஊரில் இல்லை என்கிறாரா இயக்குநர்? அல்லது பழிவாங்கல் இல்லாமல் பார்வையாளர் வீட்டுக்குப் போகமாட்டார்கள் என்று நினைத்தாரா? இந்தக் கேள்விக்கு என் மாணவியர் இரண்டு பக்கமாகப் பிரிந்து வாதாடினார்கள். அன்று பாடவேளை மணி அடித்ததும் எவருக்கும் கேட்கவில்லை.

வகுப்பறையில் எப்படிச் செய்வது?

நாற்பது நிமிடப் பாடவேளைகள் மூன்று போதும். ஒரு மடிக்கணினியும் ஒலிபெருக்கியும் இருந்தால் செய்யலாம்.

முதலாம் பாடவேளையில் படம் வேண்டாம். கைக்குட்டை விழும் பகுதியையும் எமிலியா தெரியாது என்று சொல்லும் பகுதியையும் வாசித்து, கைமாறும் வரிசையை எழுதச் சொல்லுங்கள். எமிலியாவின் மௌனத்தின்போது கமரா எங்கே நிற்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் தீர்மானித்து ஒரு பெட்டிக்குள் வரையட்டும். முதலில் படத்தைக் காட்டினால் அவர்களுடைய கற்பனைக்கு இடமிருக்காது.

இரண்டாம் பாடவேளையில் இரண்டு படங்களிலிருந்து ஐந்து நிமிடத் துண்டுகள். முழுப்படம் காட்ட வேண்டியதில்லை. ஆசிரியை முன்கூட்டியே பார்த்துத் தெரிவுசெய்வது கட்டாயம். ‘ஓம்காரா’வில் கெட்ட வார்த்தைகள் நிறைய, பார்க்கரின் படத்தில் நமது வகுப்புக்கு ஒவ்வாத படுக்கையறைக் காட்சிகள் உண்டு. துண்டைத் தெரிவுசெய்தால் பெற்றோருக்கும் அதிபருக்கும் பதில் சொல்ல முடியும். முதலில் ஒலியில்லாமல் காட்டி, பின்னர் ஒலியோடு காட்டினால் முகபாவத்தில் கவனம் நிற்கும்.

மூன்றாம் பாடவேளை எழுதுவதற்கு. மூன்று நிரல்கள்: பனுவலில் உள்ளது, படத்தில் உள்ளது, மாற்றத்தின் விளைவு. மூன்றாவது நிரல்தான் விமர்சனம். முதல் இரண்டும் வெறும் தகவல்.

பரீட்சை எழுதும் மாணவியருக்கு ஓர் எச்சரிக்கை. இயாகோவின் கூண்டு, சதுரங்கக் காய்கள், ஒட்டியாணம், அரிவாள் இவை எதுவும் ஷேக்ஸ்பியரின் பனுவலில் இல்லை. படத்தை நினைத்து விடை எழுதிப் புள்ளிகளை இழந்தவர்கள் பலர். படத்தைக் குறிப்பிடுவதானால் இயக்குநரின் பெயரோடு, ஒப்பீடாகக் குறிப்பிடுங்கள்.

இறுதியாக

சில வருடங்களுக்கு முன் இப்பாடத்தைக் கற்பித்து முடித்த அன்று ஒரு மாணவி வகுப்புக்கு வெளியே வந்து கேட்டாள்: “டீச்சர், பேசாம இருந்தாலும் பொய் சொன்ன மாதிரியா?” நான் எமிலியாவைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்து விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்டது எமிலியாவைப் பற்றியல்ல. அதற்கு முந்திய தவணையில் ஒரு பிள்ளையைப் பற்றிக் கைத்தொலைபேசி வழியே பரவிய கதையைப் பற்றி. அந்தப் பிள்ளை படிப்பை இடையில் நிறுத்திவிட்டாள். கதை பொய் என்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. மறுநாள் நாங்கள் இருவரும் அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். உம்மா எங்களை உள்ளே வரச் சொன்னார். அதற்குள் பரீட்சை விண்ணப்பத் திகதி முடிந்துவிட்டது. அடுத்த வருடம் அவள் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதினாள்.

அதன் பிறகு இந்த நாடகத்தைக் கற்பிக்கும்போதெல்லாம் எமிலியா தெரியாது என்று சொல்லும் இடத்தில் நான் படத்தை நிறுத்திவிடுவேன். நான்கு படங்களிலும் அந்த இடத்தை மட்டும் தனித்தனியாகத் தேடிப் பார்க்கச் சொல்வேன். நீங்களும் அங்கிருந்து தொடங்குங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. கைக்குட்டை தொலைவதற்கு டெஸ்டிமோனா, ஒதெல்லோ, எமிலியா ஆகியோரின் பங்கைப் பனுவலின் துணைகொண்டு வேறுபடுத்திக் காட்டுக.

2. கைக்குட்டையை நகையாக்கிய மாற்றம் நாடகத்தின் கருத்தை வலுப்படுத்துகிறதா, பலவீனப்படுத்துகிறதா? உமது கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.

3. கண்ணகியின் வழக்குரையையும் எமிலியாவின் இறுதிச் சாட்சியத்தையும் ஒப்பிடுக.

4. எமிலியாவின் மௌனத்தை நீர் படமாக்குவதாயின் கமராவை எங்கே நிறுத்துவீர்? யாருடைய முகத்தைக் காட்டுவீர்? ஏன்?